அம்பு செய்தவனின் பெயர்

பரமட்டா நகரில் ஒரு கடையில் அச்சடித்த தாளைச் சுதர்சன் சட்டம் போட்டே கொண்டு வந்திருந்தான். மேலே சிங்கமும் அம்பும் வரைந்த கேடயம், கீழே ஃபிளெச்சர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயரின் வரலாறு. டூங்கபியில் அவர்கள் குடியிருந்த வீட்டு வரவேற்பறையில் அதை மாட்ட இடம் தேடினான். சுவரில் இருந்த ஒரே ஆணியில் அப்பா இளங்கீரனின் படம் தொங்கியது. அவர் இறந்து இரண்டு வருடம்.

தங்கை மிருணாளினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுதர்சன் இளங்கீரன் என்று அவன் அனுப்பிய நாற்பது வேலை விண்ணப்பங்களுக்கும் பதில் இல்லை. சாம் ஃபிளெச்சர் என்று எழுதிப் போட்டதற்கு மறுநாளே அழைப்பு வந்தது. அப்படிச் செய்தவர்கள்மேலும் அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவன் தன்னோடு நிறுத்தவில்லை. ஒரு வீட்டில் இரண்டு குடும்பப் பெயரா என்று அம்மாவுக்கும் அவளுக்கும் சேர்த்தே பெயர்மாற்றப் படிவம் நிரப்பியிருந்தான். அம்மா இராஜேஸ்வரி ஒன்றும் கேளாமல் கையெழுத்து வைத்துவிட்டுக் குசினிக்குள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மிருணாளினிக்குப் பதினைந்து வயது. அவள் கையெழுத்தும் வேண்டும்.

அவன் வாசித்துக் காட்டினான். ஃபிளெச்சர் என்றால் அம்பு செய்கிறவன். பழைய பிரெஞ்சுச் சொல், நார்மன்காரரின் ஆட்சியோடு இங்கிலாந்துக்குப் போனது. சொந்தப் பாட்டனைச் சொல்வதுபோல் அவன் குரலில் ஒரு பெருமை.

"அப்பாட பெயர் எங்க போறது?" என்றாள்.

"எங்கட முறையில அது எப்பிடியும் போறதுதான். அப்பாட பெயர் எங்களுக்கு, என்ர பெயர் என்ர பிள்ளைக்கு. அதுக்குப் பிறகு இளங்கீரனை ஆருக்குத் தெரியும்? கையெழுத்தை வையடி."

அது உண்மை என்பதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. பள்ளியில் காலைதோறும் வரவு எடுக்கும் ஆசிரியை அந்தப் பெயரைத் தடுக்கித் தடுக்கி உச்சரிப்பாள். அப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொல்ல மிஞ்சியிருந்த குரல் அது ஒன்றுதான். அவருக்கும் சேர்த்துத்தான் மிருணாளினி "யெஸ் மிஸ்" என்பாள்.

"அண்ணா, இந்த ஃபிளெச்சர் ஆக்கள் அம்பு செய்யிறதை விட்டு எத்தினை நூறு வருசம்? எண்டாலும் அந்த மனுசன்ர பெயரை விடேல்லை. நீ ரெண்டு வருசத்தில விடுறாய்."

அவள் பேனையை எடுத்து, கையெழுத்திடும் கோடு முழுவதும் தமிழில் இளங்கீரன் என்று எழுதினாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

"விசரி. நாளைக்கு வேற படிவம் கொண்டு வருவன்."

"கொண்டு வா. அதிலயும் எழுதுவன்."

குசினியில் ஓடிய தண்ணீர் நின்றது. அம்மா ஈரக்கையோடு வந்தாள். கதிரையில் சாத்தியிருந்த சட்டத்தை எடுத்து மகன் கையில் கொடுத்தாள்.

"உன்ர பெயரை நீ மாத்து," என்றாள். "அவரில கை வையாத."

கிழிந்த படிவத்தில் தன் கையெழுத்து இருந்த பக்கத்தைத் தேடி, அதையும் கிழித்தாள்.