கேட்டில் மறித்த லொறி

கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து ஐம்பத்திரண்டு மணி நேரமாகியும் நிஷாந்தி அதைப் பற்றி அப்பாவிடம் வாயைத் திறக்கவில்லை. வட்டவளையில் தேயிலைத் தொழிற்சாலைக் கேட்டில் முப்பது வருடம் காவல் இருந்தவர் அவள் அப்பா செல்லசாமி. ஈரல் புற்றுநோய்க்குப் பரிசோதித்துப் பார்க்கும் புதுத் தடுப்பூசி ஒன்றுக்குப் பெயர் கொடுத்து, இரத்தமும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இப்போது கொழும்புக்குப் போக முகம் மழித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஊசி என்னா செய்யும்னு இன்னொருக்கா சொல்லு புள்ள. பக்கத்து லயத்து வீட்டு ராமையாகிட்ட அளக்கணும்."

எத்தனையோ தடவை சொன்னதுதான். களைப்போடு மறுபடியும் சொன்னாள்.

"ஒரு வைரஸ நோய் தராம மாத்தி வச்சிருக்காங்கப்பா. அது லொறி மாதிரி. புற்றோட அடையாளத்த ஏத்திக்கிட்டுப் போயி நம்ம எதிர்ப்பு அணுக்கள்கிட்ட எறக்கும். அதுங்க பாத்துப் பழகிக்கிட்டுப் புற்ற அடிக்கும்."

"லொறி வந்தா கேட்டுல நான்தானே நிக்கணும்!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "பஸ்ஸு எத்தன மணிக்கு?"

அவள் பையை அவர் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"அந்த வைரஸ் எப்பவோ சளிக்காய்ச்சலா ஒங்களுக்கு வந்திருக்குப்பா. ஒங்க ரத்தம் அத மறக்கல. லொறிய கேட்டுலயே மறிச்சிடும். அந்த ஊசிக்கு ஒங்கள எடுக்கலப்பா."