அக்கா சொன்ன ஆறு மணி

யுத்தம் தொடங்கியதும் எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. துறைத் தெருக்காரர்கள், அதாவது வேற்று மதத்துக்காரர்கள், மறுபேச்சில்லாமல் தள்ளி வைத்தார்கள். கடலுக்குப் போகும் படகுக்கு அரசாங்க பாஸ் வேண்டுமே. எங்கள் தெருவுக்குத்தான் வீராப்பு. "சாமிக்கு நேரம் சொல்ல இவங்க யாரு?" என்று கோயில் பெரியவர் ஒரு வார்த்தை கேட்டார். அவ்வளவுதான், ஒரு வீட்டிலும் முள் நகரவில்லை.

ஐஸ் பேக்டரி சூப்பர்வைசர் கொலையானபோது இதை முதலில் யோசித்திருக்க வேண்டியவன் நான்தான். ஸ்டேஷன் ரைட்டர். இருபது வருஷமாக வாக்குமூலம் எழுதுகிறேன். எழுதி என்ன, மண்டைக்குள் ஏதாவது இருக்க வேண்டாமா?

செத்தவர் எங்கள் ஆள். பேக்டரியில் அரசாங்க நேரம். ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்தபோது உயிரோடு இருந்தவர், ஆறரைக்கு மண்டை பிளந்து கிடந்தார். ஏழுக்குள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். "ஆறு மணிக்கு அந்த மெக்கானிக் ஸ்பானரோட உள்ள போனான், என் கண்ணால பார்த்தேன்" என்று சொன்னது என் கூடப்பிறந்த அக்கா. அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

மெக்கானிக் துறைத் தெரு. ஆறு மணிக்குப் பிரார்த்தனையில் இருந்தேன், ஏழுக்குத்தான் மெஷின் பார்க்கப் போனேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். சாட்சி சொல்ல நாற்பது பேர் வந்தார்கள். நாற்பதும் அவர்கள் ஆட்கள் என்று இன்ஸ்பெக்டர் விரட்டிவிட்டார். மறுநாள் பகல் பன்னிரண்டுக்குப் பட்டாள லாரி வரும். அதில் ஏறியவன் எவனும் திரும்பியதில்லை.

மறுநாள் காலை ஒன்பதுக்கு அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்னடா, எட்டு மணிக்கே வந்து நிக்கிறே?"

சுவரைப் பார்த்தேன். எட்டுதான். என் கைக்கடிகாரத்தில், ஸ்டேஷன் நேரப்படி, ஒன்பது.

"அக்கா, நீ பார்த்த ஆறு மணி, இந்தக் கடிகாரத்துலயா?"

"பின்னே, இதைப் பார்த்துட்டுத்தானே பேக்டரி பக்கம் கடைக்குப் போனேன், வேற எந்தக் கடிகாரத்துல பார்ப்பாங்க?" என்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி, அப்ப அது ஏழா?"

அத்தான் வாசலை மறித்தார். "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நம்ம ஆளு செத்திருக்கான்."

அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஸ்டேஷன் மேஜையில் புதிய வாக்குமூலம் எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதற்குள் வெளியே எங்கள் தெரு முழுக்கக் கூடியிருந்தது, மெக்கானிக்கை லாரியில் ஏற்றியே ஆகவேண்டும் என்று. முன்வரிசையில் அத்தான்.

லாக்கப்புக்கு ஓடி, பேப்பரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மெக்கானிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"ரைட்டரய்யா, லேட் பண்ணிட்டீங்க. நான் ஒத்துக்கிட்டேன்."

"ஏன்யா?"

"நான் ஒத்துக்கலைன்னா அந்தக் கூட்டம் எங்க தெருவுக்குத்தான் போகும்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. என் பொண்டாட்டி பிள்ளைங்க அங்கதான் இருக்கு. அந்தப் பேப்பரை வெளிய எடுக்காதீங்க, உங்க கால்ல விழறேன்."

லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. நான் பேப்பரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் கெஞ்சினான், அதனால் மறைத்தேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். கூட்டத்திலிருந்து அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம்.

அவன் ஏறினான். துறைத் தெரு எரியவில்லை. கூட்டம் கலைந்து, பாதிப் பேர் பேக்டரிக்கு வேலைக்குப் போனார்கள். கொலை நடந்த அந்த அரை மணி நேரம் பேக்டரிக்குள் இருந்தவர்கள் எல்லாருமே எங்கள் தெரு ஆட்கள்தான். கொன்றவனும் அவர்களோடு போயிருப்பான்.

சாயங்காலம் அக்கா வாசலிலேயே காத்திருந்தாள்.

"அவனை விட்டுட்டாங்களாடா?"

"விட்டுட்டாங்கக்கா" என்றேன்.