ஓவருக்கு ஒரு மூடி

எடை மெஷினில் எழுபத்தொன்று புள்ளி ஆறு என்று வந்தது. டயாலிசிஸ் வார்டு சிஸ்டர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இறங்கி மறுபடி ஏறுங்க டிரைவர். செருப்பைக் கழட்டிடுங்க."

டிரைவர் செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். சாவிக்கொத்தையும் கொடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பல் செட்டையும் கழற்றிக் கொடுத்திருப்பார். மெஷின் மசியவில்லை. எழுபத்தொன்று புள்ளி ஆறு.

தண்ணீரெல்லாம் வடிந்த பிறகு அவருடைய எடை அறுபத்தெட்டு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த அறுபத்தெட்டோடுதான் இதே வாசல் வழியாக வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை காலைக்குள் மூன்று கிலோ அறுநூறு கிராம் தண்ணீர் உடம்பில் ஏறியிருக்கிறது. சிஸ்டர் அதை அட்டையில் எழுதினாள். எழுதும்போது அவள் டிரைவரைப் பார்க்கவில்லை, அவர் மனைவியைத்தான் பார்த்தாள்.

இன்றைக்குத்தான் டாக்டர் முடிவு சொல்வதாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார். "தங்கச்சி கிட்னி குடுக்கிறாங்க, சரி. ஆனா ஆப்பரேஷன் முடிஞ்சா ஆயுசு முழுக்க மாத்திரையை நிமிஷம் தவறாம போடணும். தண்ணியிலயே கட்டுப்பாடு இல்லாதவர் மாத்திரையில மட்டும் இருப்பாரா? மூணு மாசம் பார்க்கிறேன். ஒரு தடவைகூட ரெண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டாம இருந்தா தேதி குறிக்கிறேன்."

டிரைவரின் தங்கை வேலையில் ஒரு மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியாரிடம் கேட்டு, மாமியார் முனக, அதையும் சமாளித்தாகிவிட்டது. மூன்று மாதத்தில் இரண்டு கிலோவை ஒருநாளும் தாண்டவில்லை. கடைசி நாள், கடைசி எடை. அதில் போய் இப்படி.

"தண்ணி குடிச்சீங்களா?" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஓவருக்கு ஒரு மூடி. அவ்வளவுதான்."

"பொய் சொல்லாதீங்க."

"உன் மேல சத்தியமா. ஓவருக்கு ஒரு மூடிதான். அதுக்கு மேல ஒரு சொட்டு இல்ல."

இந்த மூடிக் கதையைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இன்ஜின் சூட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இரண்டு லிட்டர் பாட்டிலை வைத்து ட்ரிப்புக்கு ஒன்று காலி செய்தவர். அவரிடம் போய் ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதான், டீயும் மாத்திரைத் தண்ணியும் சேர்த்து, என்று சொன்னால்? முதல் வருடம் திருட்டுப் பூனை மாதிரி அலைந்தார். குளியலறையில் வாய் கொப்பளிக்கப் போனால் பாதி உள்ளே போய்விடும். இரண்டு தடவை மூச்சு முட்டி, நுரையீரலில் நீர் கோத்து, ஆம்புலன்ஸில் கொண்டுவந்து போட்டார்கள்.

அப்போதுதான் மனைவிக்கு யோசனை வந்தது. அவள் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தையல் பிசகு, பட்டன் பிசகு எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கிரிக்கெட் மட்டும் ஒரு இழவும் தெரியாது. ஆனால் புருஷன் மூச்சு விடுவதே கிரிக்கெட் என்று தெரியும். இருமல் மருந்து பாட்டிலின் மூடியை எடுத்தாள். பத்து மில்லி பிடிக்கும். "மேட்ச் பார்க்கும்போது ஒரு ஓவர் முடிஞ்சா ஒரு மூடி. அதுக்கு நடுவுல நாக்கு ஒட்டிக்கிட்டாலும் கிடையாது" என்றாள். ஒரு அணிக்கு இருபது ஓவர், இரண்டு அணிக்கும் நாற்பது. நாற்பது மூடி, நானூறு மில்லி. மீதி முந்நூறு டீக்கும் மாத்திரைக்கும். மேட்ச் இல்லாத நாளில் போனில் ஏதாவது பழைய மேட்ச்.

என்ன ஆச்சரியம், மனுஷன் அடங்கிவிட்டார். டாக்டர் சொன்னால் கேட்காதவர் அம்பயர் சொன்னால் கேட்டார். ஆனால் கிரிக்கெட் பார்க்கிற முறையே மாறிப்போனது. எதிரணி பதினான்கு ஓவரில் சுருண்டால் ஊரே துள்ளிக் குதிக்கும், இவர் முகம் மட்டும் தொங்கிப்போகும். ஆறு மூடி போச்சே! நின்று நிதானமாகக் கட்டை போடுகிறவன் யாராயிருந்தாலும் அவன்தான் இவருக்கு வீரன்.

அப்படி இரண்டு வருடம் ஒழுங்காக ஓடிய வண்டி, இப்போது வாசலில் வந்து கவிழ்ந்துவிட்டது.

சிஸ்டர் அவர் கையில் இரண்டு ஊசியையும் ஏற்றி, குழாய்களை மாட்டி, மெஷினை ஓட விட்டாள். "மூணரை கிலோவை நாலு மணி நேரத்துல எடுத்தா தாங்க மாட்டீங்க. இன்னிக்கு அஞ்சு மணி நேரம்" என்றாள். மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவரோடு பேசப் பிடிக்கவில்லை. இந்த ஒரு நாள் விடுப்புக்காக நேற்று ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய்விட்டு வந்தவள் அவள்.

சுவரில் இருந்த டிவியில் நேற்றைய மேட்சை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தொடங்கிய புதுப் போட்டி, புதுவிதமான ஆட்டம். இருபது ஓவரையும் நீளம் என்று சொல்லி இன்னும் நறுக்கிவிட்டார்கள். வார்டில் அதைப் பற்றித்தான் காலையிலிருந்தே வாய்ச்சண்டை.

"இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்றார் பக்கத்துக் கட்டிலில் இருந்த தபால்காரர். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியும் யாரும் அவரை வேறு பெயரில் கூப்பிடுவதில்லை. "பேட்ஸ்மேன் உள்ள வந்து கிளவுஸை மாட்டுறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சு கை குலுக்கிட்டுப் போறாங்க. அவசரக்குடுக்கைங்க!"

"உங்களுக்கு என்ன சார், அஞ்சு நாள் மேட்சை அஞ்சு நாளும் பார்ப்பீங்க" என்றாள் எதிர்க் கட்டிலில் இருந்த பேங்க் மேடம். "நான் வேலைக்கும் போயிட்டு இங்கயும் வரணும். ஒரு மேட்சை டாஸ்லருந்து கடைசி வரைக்கும் தூங்காம பார்த்து மூணு வருஷம் ஆச்சு. சனிக்கிழமை முழுசா பார்த்தேன். ஜெயிச்சப்ப கை தட்டினேன். எனக்கு இதுதான் கிரிக்கெட்."

"கை தட்டத்தான் தட்டுவீங்க. ஓவருக்கு அஞ்சே அஞ்சு பந்து! ஆறாவது பந்து என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஆறாவது பந்து எதுக்குங்கிறேன்?" என்றார் டிரைவர் திடீரென்று. "அஞ்சு போதும். சுருக்குன்னு ஓவர் முடியுது. விறுவிறுப்பா இருக்கு. நாள் பூரா சலிக்காம பார்க்கலாம்."

தபால்காரர் கழுத்தைத் திருப்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ் டிரைவர், நீயா பேசுற? இருபது ஓவர் வந்தப்பவே 'இது கிரிக்கெட்டா கண்ணாமூச்சியா'ன்னு கேட்ட ஆளு நீ. இப்ப என்ன கட்சி மாறிட்ட?"

"காலத்துக்கு ஏத்த மாதிரி மாற வேண்டியதுதான்."

"மாறு, மாறு. ஒரு அணிக்குப் பன்னெண்டு ஓவர், அதுவும் சோப்ளாங்கி ஓவர். ஒரு நாளைக்கு நாலு மேட்ச். திங்கத் திங்கக் குடுத்துக்கிட்டே இருந்தா எவனுக்கு ருசிக்கும்?"

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனைவி மெதுவாகத் திரும்பினாள்.

"அண்ணே, எத்தனை மேட்ச்னு சொன்னீங்க?"

"நாலும்மா. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சா, ஆறு மணி வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு."

"ஒரு மேட்சுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து?"

"இருபத்தி நாலு ஓவர்."

துணிக்கட்டை எண்ணிப் பழகிய மனசு. இருபத்து நாலு நாலு தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு மூடி. நானூறு மில்லி குடிக்க வேண்டியவர் ஒரு லிட்டரை நெருங்கிவிட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும். அவள் தொழிற்சாலைக்குப் போன பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஓவர் முடிய முடிய, சொன்ன சொல் தவறாமல் ஒரு மூடி, ஒரு மூடி, ஒரு மூடி.

ஓவருக்கு ஒரு மூடி என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு மேட்ச்தான் என்று சொல்லவே இல்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கிரிக்கெட்காரர்கள் ஓவரை இப்படிக் கூறு போடுவார்கள் என்று அவளுக்குக் கனவா வந்தது? பாவம், மனுஷனைப் பொய்க்காரர் என்று திட்டிவிட்டோமே என்று ஸ்டூலை விட்டு எழுந்தாள். கட்டிலருகே போய், கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டிருந்த சதையை நீவிவிட்டாள். வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் எடுத்தால் அப்படித்தான் கால் சுருட்டிக்கொள்ளும். அவர் வலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

"ஆட்டத்தைக் குறைச்சாங்க, உனக்கு மெஷினைக் கூட்டிட்டாங்க பார்த்தியா" என்றார் தபால்காரர். நாலு மணி நேரம் முடிந்து அவருக்கு ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

டிரைவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மனைவி மட்டும் அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள். வார்டிலிருந்து பத்தடிதான். டாக்டர் அட்டையைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் அவரைப் பேச விடவில்லை. மூடி, ஓவர், நாலு மேட்ச், தொண்ணூற்றாறு என்று மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"தப்பு என்னோடது சார். கணக்கு போட்டுக் குடுத்தவ நான். அவரு சொன்னதைச் சொன்னபடி செஞ்சாரு. வேணும்னு ஒரு சொட்டு குடிக்கல. நான் அடிச்சுச் சொல்றேன்."

டாக்டர் அட்டையைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒன்று புள்ளி எட்டு, ஒன்று புள்ளி ஏழு, ஒன்று புள்ளி எட்டு. மூன்று மாதமும் அப்படியே இருந்தது. அவர் உதட்டோரம் லேசாக வளைந்தது.

"எத்தனையோ காரணம் கேட்டிருக்கேன். இது புதுசு" என்றார். "இவ்வளவு அட்சர சுத்தமா சொன்னதைச் செய்யிற ஆளுதான் எனக்கு வேணும். மில்லிக் கணக்கா சொல்லுங்க, ஓவர் கணக்கு வேணாம். அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி வச்சுக்கலாம். தங்கச்சியை வரச் சொல்லிடுங்க."

அவள் வெளியே வந்து தங்கைக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது, பிறகு சிரிப்பு, பிறகு "அண்ணன்கிட்ட ரொம்ப ஆடாம இருக்கச் சொல்லுங்க அண்ணி" என்ற குரல்.

ஊசிகளைக் கழற்றிக் கட்டுப் போட்டு டிரைவர் வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. காரிடாரில் இருந்த பெஞ்சில் அவரை உட்கார வைத்தாள். நின்றால் தலை சுற்றும், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். தேதியைச் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவர் முகத்தில் சந்தோஷத்தையே காணோம்.

"என்னங்க, நல்ல சேதி சொல்றேன், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கணக்கு. வெள்ளிக்கிழமை ரெண்டாவது மேட்ச் முடிஞ்சப்பவே நாப்பத்தெட்டு ஆயிடுச்சு. எண்ணாம இருப்பேனா? மூடியை எடுத்து உள்ள வச்சுட்டேன். மூணாவது மேட்ச்ல முதல் ஓவர் முடிஞ்சுது. நீ ஓவருக்கு ஒண்ணுன்னுதானே சொன்னே, ஒரு நாளைக்கு நாப்பதுன்னு சொல்லலையேன்னு நினைச்சேன். திரும்ப எடுத்துட்டேன்."

"நான் அங்க போய், அவரு வேணும்னு குடிக்கலன்னு அடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"தெரியும்."

"உங்க தங்கச்சி உடம்பைக் கிழிச்சுக்கத் தயாரா நிக்கிறா."

"தெரியும்மா. மூணு நாளும் அவளைத்தான் நினைச்சேன். நினைச்சுக்கிட்டேதான் குடிச்சேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "ராத்திரி நாக்கு மேலண்ணத்துல ஒட்டாம தூங்கினேன். எச்சில் ஊறுச்சு. எச்சில் ஊறுறது எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போயிருந்துச்சு."

பெஞ்சின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் போய் டாக்டர்கிட்ட சொல்லிடறேன். அந்த மனுஷன் என்னை யோக்கியன்னு நினைச்சுத் தேதி குடுத்திருக்காரு."

டாக்டர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. டிரைவர் ஒரு எட்டு வைத்தார். மனைவி அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருங்க."

"இல்ல, சொல்லிடறேனே—"

"உட்காருங்கன்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தார். அவளுக்குக் கோபம் ஆறவில்லை. இந்த ஆளை நம்பி ஒருத்தி தன் உடம்பில் பாதியைக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தாள். நாக்கு ஒட்டிப்போய் இரண்டு வருடம் என் பக்கத்தில்தான் படுத்துக் கிடந்தார், ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றும் நினைத்தாள். சட்டையைப் பிடித்த கையை அவள் விடவில்லை.

அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சா?"

அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார்.