மாற்றித் தைத்த கைகள்

திரையில் ஒன்பது பெண்கள் முதலாளிக்குக் கைதட்ட முயன்றுகொண்டிருந்தார்கள். ஒருத்திக்கும் கை சேரவில்லை. தார்ப்பாயில் தைத்த விறைத்த கோட்டுகள். கையை முன்னால் கொண்டுவரப் பார்த்தால் முழங்கை பின்னால் இழுத்துக்கொண்டு போனது. முகத்தில் மட்டும் குறையில்லாத சிரிப்பு. அரங்கத்தில் இருந்த இருநூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? படம் தங்கச்சி எடுத்தது. படத்தில் இருந்ததெல்லாம் அக்காவின் வாயிலிருந்து வந்தது. பதினெட்டு வருஷமாக ஒரு பெரிய ஃபேஷன் நிறுவனத்தில் சாம்பிள் டெய்லர் அவள். கடைக்குப் போகிற எந்த உடுப்புக்கும் முதல் உருப்படி அவள் கையில்தான் பிறக்கும். சாப்பிட உட்கார்ந்தால் வேலையிடத்துக் கூத்தையெல்லாம் சொல்லிச் சிரிக்கவைப்பாள். நேற்று அசிங்கம் என்று தூக்கியெறிந்த பச்சையை இன்று தலையில் வைத்து ஆடும் முதலாளி. குண்டூசி குத்திக் கத்திய மாடல் பெண்ணிடம், "இந்த முகத்தை அப்படியே மேடையில காட்டும்மா" என்றவரும் அவர்தான். தங்கச்சி தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டேதான் இருந்தாள், கள்ளி! இரண்டு வருஷம் கழித்து அது வசனமும் இல்லாத, கதையும் இல்லாத நாற்பது நிமிஷப் பரிசோதனைப் படமாகி நிற்கிறது. ஃபேஷன் உலகத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட படமாம். அம்மா சொந்தக்காரர் ஒருத்தர் விடாமல் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

உடுப்பு தைக்க மட்டும் அக்கா வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தைத்தாள், சந்தோஷமாகத்தான் தைத்தாள். கடைசிக் காட்சிக்கான கோட்டுகளை வெட்டிக்கொண்டிருந்த அன்று, பக்கத்து அறையில் தங்கச்சி போனில் யாரிடமோ, "யோசனை எல்லாம் என்னோடதுங்க. அக்கா சும்மா தைச்சுக் குடுக்கிறாங்க" என்றாள்.

சும்மாவா? தார்ப்பாயில் ஊசி இறங்காமல் விரல் வீங்கிக் கிடந்ததே, அதுவும் சும்மாவா? கோட்டுக்கு வைக்கிற கை நேராக இருக்காது. முழங்கை மடங்குகிற பக்கம் பார்த்து வளைத்து வெட்டியிருக்கும், வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. அக்கா இரண்டையும் இடம் மாற்றி வைத்து ஒன்பது கோட்டையும் தைத்து முடித்தாள். துணியாக இருந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். தார்ப்பாய் கொடுக்காது. படப்பிடிப்பில் எல்லார் முன்னாலும் தங்கச்சி திருதிருவென்று முழிக்கட்டும். அழுதுகொண்டு ஓடி வருவாள், அப்போது பிரித்துத் தைத்துக் கொடுக்கலாம் என்று நூல்கூடத் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

ஓடித்தான் வந்தாள், படப்பிடிப்பு நடந்த அன்று சாயங்காலம், கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க. "அக்கா, கையை மாத்தித் தைச்சுட்ட நீ! ஒருத்தியாலயும் தட்ட முடியல, கேமராவை நிறுத்தவே இல்ல நான்! நீ தப்பு பண்ணாக்கூட எனக்கு அதிர்ஷ்டம்தான் போ!"

எடுத்து வைத்திருந்த நூலை அக்கா திரும்பப் பெட்டிக்குள் போட்டாள். கெடுக்கப் போய்க் கிரீடம் வைத்துவிட்டு வந்ததை யாரிடம் சொல்லி அழுவது?

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். தங்கச்சி மேடையேறினாள். முன்வரிசையிலிருந்து ஒரு கண்ணாடிக்காரர் எழுந்து, "அந்தக் கைதட்டுற காட்சி உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டார்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அக்காவுக்கு வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

"எனக்குத் தோணல சார். எங்க அக்கா தப்பாத் தைச்சுட்டாங்க. அவசரத்துல இடது வலது மாறிப்போச்சு. அதோ, மூணாவது வரிசை. அவங்க பண்ண தப்புதான் இந்தப் படத்துக்கே உயிர்!"

இருநூறு தலையும் திரும்பிச் செல்லமாகச் சிரித்தன. அம்மாவும் சிரித்து, "நல்ல வேளை தப்பு பண்ணினே" என்று இடித்தாள். அக்காவுக்குக் காது சூடேறியது. இரண்டு வரிசை முன்னால் அவளுடைய நிறுவனத்துக் கட்டிங் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். பெருமைக்காக அவளே கூப்பிட்டு வந்தவர். அவரும் திரும்பி, உனக்கா மாறியது என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமான பெண்கூடச் செய்யாத தப்பு அது. பேசாமல் இருந்தால் வேலை தெரியாதவள். பேசினால் மனசு கெட்டவள். மாஸ்டரின் புருவம் இன்னும் இறங்கவில்லை.

அவள் எழுந்தாள். யாரோ மைக்கை நீட்டினார்கள்.

"தப்பு இல்லீங்க," என்றாள். "ஒன்பது கோட்டுலயும் ஒரே தப்பு வருமா? தெரிஞ்சேதான் மாத்தித் தைச்சேன்."

கண்ணாடிக்காரர் "அடடா! அப்போ யோசனையே உங்களோடதா!" என்றார். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. இந்த அக்காவையும் மேடைக்குக் கூப்பிடுங்கள் என்று பின்னாலிருந்து கத்தினார்கள். மாஸ்டர் கட்டைவிரலை உயர்த்தினார். இத்தனை வருஷமாக அவள் ஏங்கிய சத்தம் அதுதான், காது கிழிய வந்துகொண்டிருந்தது.

மேடையில் தங்கச்சி மட்டும் அசையாமல் நின்றாள். முதலில் சிரித்தாள், பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. மைக்கை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு ஏதோ கேட்டாள். அந்த இரைச்சலில் ஒன்றும் விழவில்லை. உதடு அசைந்தது மட்டும் அக்காவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எதுக்குக்கா?

"போடி, போ, கூப்பிடுறாங்க பாரு," என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அவள் முதுகைப் பிடித்து மேடைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.