முனை இறங்கும் இடம்

தேதியைப் பின்னுக்குத் தள்ளி, பெயரை முன்னால் வைத்துவிட்டு, கல் வெட்டும் எந்திரத்தின் முனை போகும் பாதையைப் பிரபு மறுபடி திரையில் ஓட்டிப் பார்த்தான். அப்பாவின் பெயர் நீலக்கோடாக ஊர்ந்தது. திருப்பதி. ‘தி’யின் வளைவில் முனை சிக்காமல் திரும்பியது.

ஷார்ஜா பட்டறையில் சாப்பாட்டு நேரம். குரங்கணியில் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். மழைக்கு முன்னால் எடுத்துவிடுவார்கள். விமானம் ஏறினாலும் அதற்குள் போய்ச் சேர முடியாது. அடக்கத்தன்றே தலைமாட்டில் கல் நடுவது அவர்கள் வழக்கம். கல் போடியில் வெட்டி, ஜீப்பில் மலையேற வேண்டும்.

பாதையைப் போடிக் கல்வெட்டுக் கடைக்கு அனுப்பினான். அக்காவுக்குச் செய்தி அனுப்பினான்.

“அக்கா, மொத மண்ணு யாரு போடுறா?”

கார்த்திகாவின் குரல் வந்தது. “உங்க மச்சான்தேன். வேற யாரு இருக்கா? நீ சாப்டியா அப்பு?”

“சாப்ட்டேன்” என்று அனுப்பிவிட்டு, திறக்காத டிபன் பெட்டியைப் பார்த்தான். அப்போதுதான் உறைத்தது. முனை அளவெடுக்கத் தொடங்கும் பூச்சியப் புள்ளியை அவன் கல்லின் இடது மூலையில் வைத்திருந்தான். தொழில் பழகிய போடிக் கடையில் சின்ராசு அண்ணன் எப்போதும் கல்லின் நடுவில்தான் வைப்பார். அப்படியே ஓட்டினால் அப்பா பெயர் பாதி கல்லுக்கு வெளியே போய்விடும். இருப்பது ஒரே கல்.

வீடியோவில் அழைத்தான். “அண்ணே, ஓட்டிராதீங்க! பூச்சியம் மூலையில!”

“கத்தாதய்யா, காது போகுது. எங்கிட்ட இருந்தப்பவே நீ மூலைக்காரந்தான? மூலையிலதேன் வச்சிருக்கேன்.” சின்ராசு கல்லின் பக்கம் கேமராவைத் திருப்பினார். “ஆமா, தேதி மூலைக்குப் பக்கத்துல கெடக்கு. அதுல ஆரம்பிச்சா சோலி வெரசா முடியுமே. எதுக்குப் பேர மொதல்ல வச்ச?”

பிரபு திரையில் தெரிந்த கல்லைப் பார்த்தான்.

“ஜீப்பு நிக்குதுடா. இறக்கவா?”

“ஒரு நிமிசம்ணே.”

குனிந்து, இரும்பு வைத்த பட்டறைப் பூட்ஸ்களின் கயிற்றை அவிழ்த்தான். ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு திரைக்கு முன் நின்றான்.

“ம். இறக்குங்கண்ணே.”

கருங்கல்லில் ‘தி’ தொடங்கும் இடத்தில் முனை இறங்கியது. முதல் சிட்டிகை வெள்ளைத் தூள் எழும்பி, பக்கத்தில் விழுந்தது.