ஏலாது என்று சொன்ன மத்தியானம்

செத்த வீட்டுக்காரருக்கு யாழ்ப்பாணத்தில் ஒருத்தரும் ‘இல்லை’ சொல்ல மாட்டினம். ஜெயரூபனின் ஸ்ரூடியோவைக் கவிழ்க்கப் பார்த்ததும் அந்த நல்ல குணம்தான்.

ஸ்ரூடியோ என்றாலும் அங்கே கலியாணப் படத்தைவிடக் கல்வெட்டு வேலைதான் கூட. செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பூட்டன் பூட்டி முதல் பேரப்பிள்ளை வரைக்கும் வம்ச விளக்கம் எல்லாம் போட்டு, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற புத்தகம். கனடாவிலிருந்து மகள் போன் எடுத்தால் படம் வடிவமைக்கிற பிரணவன் ‘ஓம் அக்கா’ என்பான். சுவிசிலிருந்து மகன் எடுத்தால் எழுத்துக் கோர்க்கிற சிவகௌரி ‘ஓம் அண்ணை’ என்பாள். ஜெயரூபன் கோயில் வாசலில் இன்னொரு சொந்தக்காரரைக் கண்டு மூன்றாவது ‘ஓம்’ சொல்லிவிட்டு வருவான். ஒருத்தர் ஒத்துக்கொண்டது மற்றவருக்குத் தெரியாது. போன மாதம் ஒரு கல்வெட்டில் இரண்டாவது மகனைக் குடும்பத்தோடு காணவில்லை. உயிரோடு இருக்கிற மனுசன்! முற்றத்தில் வைத்தே புத்தகக் கட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

“இன்னொருக்கா இப்பிடி நடந்தால் மெசினுகளை வித்துப்போட்டு நான் லண்டனுக்குப் போறன்” என்றான் ஜெயரூபன்.

பின்னறையில் தாள் மடித்து, ஸ்ரேப்ளரால் பின் அடித்து, ஓரம் வெட்டுகிற யாகப்புவுக்கும் அது கேட்டது. குருநகர்க்காரர். தோள் மூட்டுப் போன பிறகு கடலை விட்டு இங்கே வந்தவர். இனி எந்த வள்ளக்காரனும் அவரை ஏற்றமாட்டான். இந்த இடமும் பூட்டுப்பட்டால் வேறு போக்கிடம் இல்லை.

ஜெயரூபன் கடைசியாக ஒரு முயற்சி செய்தான். கொழும்பில் விளம்பரக் கம்பனிகளில் இருந்து, இப்போது ஊரோடு வந்து இப்படிப்பட்ட இடங்களின் வேலையை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிற றஜிதாவைக் கூட்டி வந்தான். அவள் முதலில் ஒன்றும் செய்யவில்லை. மூலைக் கதிரையில் இருந்து ரீ குடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தாள்.

“சும்மா இருக்கிறதுக்கும் சம்பளமோ?” என்று பிரணவன் முணுமுணுத்தான்.

பிறகு பார்த்தால், பின்னறைக் கதவைக் கழற்றச் சொன்னாள். யாகப்புவின் மேசையை மற்ற மேசைகளோடு முன்னுக்கு இழுப்பித்தாள். “ஒரு வீட்டுக்கு ஒரே வாய்” என்றாள். வட்டுக்கோட்டையில் காலமான பத்மாவதி அம்மாவின் வீட்டுக்குச் சிவகௌரி மட்டும்தான் கதைக்க வேண்டும். தாளை அடுத்தவரிடம் கொடுக்கிறபோது இதில் என்ன குறை என்று வாய் திறந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கே பத்மாவதி அம்மாவின் கனடா மகள் போனில் பிரணவனைப் பிடித்துவிட்டாள். “அக்கா, இந்த வீட்டு விசயத்தில எனக்கு வாயில்லை. சிவகௌரிக்குத்தான் குடுத்திருக்கு” என்று அவன் சொல்ல, அறையே சிரித்தது.

கல்வெட்டுக் கொடுக்கிற நாளுக்கு முதல்நாள் மத்தியானம். தாள் எல்லாம் அச்சாகி யாகப்புவின் மேசைக்கு வரத் தயாராக இருந்தது. சுவிசிலிருந்து பத்மாவதி அம்மாவின் இளைய மகன் போன் எடுத்தார். அவருடைய மகளுக்குக் காலையில் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. பூட்டப்பிள்ளையையும் வம்ச விளக்கத்தில் சேர்க்க வேணுமாம்.

சிவகௌரியின் வாயில் ‘ஓம்’ வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, “கேட்டுச் சொல்லுறன் அண்ணை” என்று வைத்தாள். எல்லாருக்கும் கேட்க விசயத்தைச் சொன்னாள். மூத்த மகன் இராசநாயகத்தாருக்கு எடுத்துக் கேட்டாள். அவருக்குச் சம்மதம். பின்னேரம் ஐந்து மணிக்கு அவரே வந்து எடுப்பாராம்.

“அந்தத் தாளை மாத்திறன்” என்றான் பிரணவன்.

“திருப்பி அடிக்கத் தாள் கிடக்கு” என்றான் ஜெயரூபன்.

றஜிதா திரும்பினாள். “யாகப்பண்ணை, உங்களுக்கு?”

இத்தனை வருசத்தில் அவரை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. கட்டு வந்து விழும், செய்வார். தோள் எரிந்தது. ஏலாது என்றால் இவருக்கு வயது போய்விட்டது என்று நாளைக்கே நிற்பாட்டி விடுவார்கள். ஓம் என்றால் ஐந்து மணிக்கு அந்த மனுசன் அரைவாசிப் புத்தகத்தோடு போவார், ஸ்ரூடியோவும் போகும்.

“ஏலாது தங்கச்சி” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொருக்காச் சொன்னார். “மடிப்பன், வெட்டுவன். பின் அடிக்கத் தோள் விடாது. முந்தியும் விடேல்லை, நான்தான் சொல்லேல்லை.”

ஜெயரூபன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். யாகப்பு தலையைக் குனிந்தார்.

“உந்த ஸ்ரேப்ளரை இஞ்சாலை தாங்கோ அண்ணை” என்று முதலாளி கையை நீட்டினான்.

“உங்களுக்கு உது அடிக்கத் தெரியுமோ?”

“பழகுவம்.”

முதல் புத்தகத்தை அவன் அடித்து முடிக்கப் பிரணவன் எட்டிப் பார்த்தான். “அண்ணை, அட்டைப் படத்தில மனுசி தலைகீழா நிக்கிறா.”

அதற்குப் பிறகு நடந்ததை யாகப்பு நம்ப முடியாமல் பார்த்தார். பிரணவன் மாற்றினான், சிவகௌரி வாசித்து “குறை ஒண்டுமில்லை” என்று கொடுத்தாள், பிறின்டர் துப்பியது, றஜிதாவும் சேர்ந்து அடுக்கினாள், அவர் மடித்தார், முதலாளி அடித்தான், அவர் வெட்டினார். ஒருத்தரும் கத்தவில்லை. ஓடவில்லை. மையின் சூடு ஆறாத தாள் கைக்குக் கை வந்துகொண்டே இருந்தது. கதவுக்கு அங்கால் இருந்த காலத்தில் தாள் வானத்திலிருந்து விழுகிற மாதிரித்தான் அவருக்கு இருந்தது. இந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்து வாசிக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் கண்டார். மாதா கோயிலில் பூசை நேரம் நிற்கிற மாதிரி நின்றார்.

ஐந்து மணிக்கு இராசநாயகத்தார் ஆட்டோவில் வந்தார். சவரம் செய்யாத முகம். யாகப்புவின் மேசையிலிருந்தே ஒரு புத்தகத்தை எடுத்து வம்ச விளக்கத்தை விரித்தார். விரல் கீழே கீழே போய்ப் புதுப் பிள்ளையில் நின்றது. புத்தகத்தை மூடி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

எத்தனையோ வீட்டுக்குக் கல்வெட்டுக் கட்டிய யாகப்பு, அதை ஒருத்தர் வாங்கிப் பார்ப்பதை முதன்முதல் கண்டார்.

கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்த ஜெயரூபன் சிவந்துபோன உள்ளங்கையைத் தேய்த்தான். “அடுத்த கிழமை பின் அடிக்க ஒராளைப் பாக்கிறன் அண்ணை. மடிக்கிறதும் வெட்டுறதும் நீங்கள்தான்.”

அவர் தலையாட்டினார். ஆட்டோ சந்தி திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றார்.

“யாகப்பண்ணை, ரீ ஆறுது!” உள்ளேயிருந்து சிவகௌரி கூப்பிட்டாள்.