பச்சை நூல் கட்டிய அம்பு

2023 மே 21, ஞாயிற்றுக்கிழமை, செஞ்சிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் படுகளம், துரியோதனன் வீழ்வதை நடத்திக் காட்டும் பாரதக் கூத்தின் கடைசிச் சடங்கு, நடந்தது. களிமண்ணால் செய்து படுக்க வைத்திருந்த துரியோதனன் மார்பில் கூத்துக்காரர்களின் அம்புகள் குத்தியிருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் ஃபைபர் கிளாஸ்.

அந்த ஒன்றுக்காகத்தான் கௌஸ் பாஷா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். செஞ்சியில் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருப்பவர். மலையடிவாரத்தில் நடந்துவந்த வில்வித்தை முகாம் மூடிப்போய், அதன் சாமான்கள் காயலான் கடைகளுக்குச் சிதறியபோது பழைய ஃபைபர் அம்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். தண்டை வெயிலில் சாய்த்துப் பிடிப்பார். மேல்பூச்சுக்கு அடியில் நூல் நூலாக இழை ஓடினால் ஃபைபர். அலுமினியம்போல் கைக்குச் சில்லென்று இருக்காது. உடைந்த முனையைத் தடவினால் விரலில் சிலாம்பு ஏறி இரண்டு நாள் அரிக்கும்.

அவரிடம் இருந்தவை எல்லாம் வெள்ளைத் தண்டுகள், இறகை ஒட்டிச் சிவப்பும் கறுப்புமாக வளையங்கள். யார் செய்தது என்பதுதான் தெரியவில்லை. இரண்டு கம்பெனிகள் அதே வளையங்களைப் போட்டிருக்கின்றன, தண்டில் அச்சிட்ட பெயர் இல்லாமல் சொல்ல முடியாது என்று இணையத்தில் பழகிய சேகரிப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். அவருடைய அம்புகளில் அந்த இடம் தேய்ந்திருந்தது.

படுகளத்துக்கு முந்தின வாரம் கூத்துப் பார்க்கப் போனபோது, அர்ச்சுனன் கையில் அதே வளையங்களைக் கண்டார். மறுநாள் தர்மகர்த்தா தாண்டவராயனிடம் கேட்டு அம்பைக் கையில் வாங்கினார். வளையங்களை மட்டும் விட்டுத் தண்டில் தங்கநிறப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அது உரிந்த ஓரத்தில் அச்சிட்ட ஓர் எழுத்தின் பாதி தெரிந்தது.

"கொஞ்சம் தின்னர் வச்சி தொடச்சிப் பாத்துட்டுக் குடுத்துடறேண்ணே."

"இன்னா பாய், வெளையாடறியா? பூசை போட்டாச்சி. சொரண்டக் கூடாது."

"வேற புது அம்பு வாங்கியாந்து தரேன்."

"அர்ச்சுனன் இன்னா உங்கிட்ட ஆர்டரா குடுத்தாரு?" தாண்டவராயன் சிரித்தார். "களம் முடியட்டும், நீயே எடுத்துக்க. யாரு கேக்கப் போறா?"

மற்ற அம்புகளோடு மாறிப்போகக் கூடாதே என்று, அவரிடம் சொல்லிவிட்டு அம்பின் வாலில் பச்சை நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டார் கௌஸ் பாஷா. கடையில் பொட்டலம் கட்டும் நூல்.

படுகளத்தில் அம்மன் கூந்தலை அள்ளி முடிந்ததும் கூட்டம் துரியோதனன் மேல் பாய்ந்தது. அந்த மண்ணை எடுத்துப் போய் நெல்லோடு போட்டு வைப்பது வழக்கம். மண்ணோடு அம்புகளும் போயின.

"நூலு கட்னது பாரு! யாரோ வேண்டிக்கினு கட்டியிருக்காங்க, அத்தப் புடி!" என்று கத்திக்கொண்டே ஒரு பெண் அதை உருவிக்கொண்டாள்.

"யம்மா, அது என்னுது!" என்றார் கௌஸ் பாஷா. பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவருக்கே அது கேட்கவில்லை. சாமி வந்து ஆடுகிற பெண்களுக்கு நடுவே புகுந்து பிடுங்க அவரால் முடியாது. தாண்டவராயனைப் பார்த்தார். தாண்டவராயன் இரண்டு கைகளையும் விரித்தார்.

செவ்வாய்க்கிழமை விசாரித்துக்கொண்டு, அம்பை எடுத்துப்போன பூவாயியின் வீட்டுக்குப் போனார். அம்பு உத்திரத்தில் தொங்கியது. அதற்கு நேர் கீழே பாயில் அவள் மகள் ரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை.

"குந்து பாய். அம்பப் பாக்கவா இம்மாந்தூரம் வந்த? இந்த நூலக் கட்டன மவராசி யாரோ, அவளுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கினேன்."

கௌஸ் பாஷா வாயெடுத்தார். ரஞ்சனி தலையைத் தூக்கி அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூலைப் பற்றி அவர் சொல்லவில்லை.

"ஒரு தடவ கையில பாத்துட்டுக் குடுத்துடறேம்மா."

"தாராளமா பாரு. பெயிண்டு திட்டுத் திட்டா இருந்திச்சின்னு எம் மருமவன் உப்புத்தாளு போட்டு மழமழன்னு தேச்சிடுச்சி."

வெள்ளைத் தண்டின் மேல் புது மஞ்சள் பூசியிருந்தது. வளையங்கள் இல்லை. எழுத்தும் இல்லை.

"சொரண்டக் கூடாதுன்னாரே தர்மகர்த்தா?"

"அது களம் முடியற வரைக்கும். இப்ப எங்க வூட்டுப் பொருளு. தேச்சதுலேர்ந்து மருமவனுக்குக் கையெல்லாம் அரிக்குதாம். அம்மன் சக்தியப் பாரு!"

"தேங்கா எண்ணெ தடவச் சொல்லும்மா" என்று அம்பைத் திருப்பிக் கொடுத்தார். பச்சை நூல் அவர் போட்ட முடிச்சோடு இருந்தது.

மாலை பஸ்ஸில் செஞ்சிக்குத் திரும்பினார். அவருடைய அம்புகளில் ஒட்டியிருக்கும் சீட்டுகளில் இன்னும் 'தயாரிப்பு தெரியவில்லை' என்றே இருக்கிறது.